நீலம் தெளித்த குடல்

ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த குடல் ஸ்கோப் அப்படிப்பட்டது. விரல் தடிப்பில், கறுப்பாய், வளைந்து கொடுக்கும் நீளக் குழாய். உள்ளே போகும் நுனியில் வெளிச்சம், வெளியே கண் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வில்லை. திரை ஒன்றும் கிடையாது. கண் வைத்தவர் வாய் திறந்து சொன்னால்தான் பக்கத்தில் நிற்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

அதைக் கொண்டுவந்தவர் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர். மருத்துவபீடத்தில் நானும் அவரும் ஒரே வகுப்பு; அந்த வகுப்பில் இருந்த சில பெண்களில் நான் ஒருத்தி. அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். நான் கலியாணம் கட்டி, சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்துபோகும் வாட்டு டொக்டராக இருந்துவிட்டேன். அவர் திரும்பி வருவார் என்று வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்த நாளில், யாரோ கழித்துவிட்ட அந்தப் பழைய ஸ்கோப்பைத் துவாயில் சுற்றிச் சூட்கேசுக்குள் வைத்துக்கொண்டு அவர் வந்து இறங்கினார். குழாய்க்குள் இருந்த மெல்லிய கண்ணாடி இழைகளில் கொஞ்சம் ஏற்கெனவே முறிந்திருந்தன. முறிந்த ஒவ்வொரு இழையும் பார்க்கும்போது ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். அதையும் நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குச் சதைமொட்டுகள் வரும். பொலிப் என்று சொல்வோம். அதிகமானவை தம் பாட்டில் கிடக்கும். சில மட்டும் ஆண்டுகள் போகப் போகப் புற்றுநோயாக மாறும். எது எந்த வகை என்று அறிய, ஒரு துண்டு வெட்டியெடுத்து நுண்காட்டியில் பார்ப்பதுதான் முறை. எங்களிடம் நுண்காட்டி இருந்தது. வெட்டிய துண்டைப் பதப்படுத்தும் திரவங்கள் இருக்கவில்லை. போரினால் குடாநாட்டுக்குள் தடைசெய்யப்பட்ட பொருள்களோடு அவையும் இராணுவத் தடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. துண்டைப் போட்டுக் கொழும்புக்கு அனுப்பிய போத்தல்கள் போய்ச் சேர்ந்தனவா என்றுகூடத் தெரியாது. ஆகவே மொட்டின் மேற்தோலைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. வெளிறி, சுற்றியுள்ள சுவரின் நிறத்திலேயே வழுவழுவென்று இருந்தால் விட்டுவிடுவோம். சிவந்து, மேலே மூளையின் மடிப்புகளைப் போல வரிகள் ஓடினால் அது மாறக்கூடிய வகை, எரித்து எடுக்க வேண்டும். கிணற்றுக் கட்டில் பாசி பிடித்ததுபோலப் பரந்து கிடந்தால் பயம் கூடும். வரிகள் குலைந்து நடுவில் குழி விழுந்திருந்தால் பிறகு பேச்சில்லை. சந்தேகம் வந்தால் நீல மருந்தைத் தண்ணீர் கலந்து குழாய்வழியாகத் தெளிப்போம். பள்ளங்களில் நீலம் இறங்கி, மேடுகள் எழும்பித் தெரியும்.

“பேரைச் சொல்லாதையும். தோலைச் சொல்லும்,” என்பார் அவர். வகுப்புத் தோழர்கள் என்பதால் எங்களுக்குள் எப்போதும் ‘நீர்’தான். “பேரைச் சொல்லிப்போட்டீர் எண்டால் பேந்து கண் அந்தப் பேரைத்தான் பாக்கும்.”

மயிலிட்டித் தம்பி என்று நாங்கள் கூப்பிட்டவர் வந்தது அந்தக் காலத்தில்தான். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது. அவர்களின் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து, அவரும் அக்காவின் குடும்பமும் மருதனார்மடத்துக்குப் பின்னால் ஒரு வளவில் கொட்டில் போட்டு இருந்தார்கள். மீன்பிடித்தவருக்கு அங்கே கடல் இல்லை. சந்தையில் மரக்கறி மூட்டை சுமந்தார். இரத்தம் போகிறது என்று வந்தார். எல்லோரையும் போல மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வந்தார். நான் சோதித்தேன். மூலம் இல்லை. ஸ்கோப் பார்ப்போம் என்று நாள் கொடுத்தேன்.

அன்றைக்கு ஜெனரேற்றர் ஒழுங்காக ஓடியது. நிபுணர்தான் குழாயை உள்ளே செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் தலையை எடுத்து, “பாரும்,” என்று என்னிடம் தந்தார்.

நான் கண் வைத்தேன். “மூண்டு, நாலு மொட்டு. சின்னன். சிவப்பு. மற்றச் சுவர் வழுவழுப்பாத்தான் கிடக்கு.”

“நீலம் அடிப்பம்.”

உதவிக்கு நின்ற மிஸி, எங்கள் நேர்ஸ், ஊசிக்குழலால் நீலத்தைச் செலுத்தினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலம் மேலிருந்து வழிந்து வந்தது. அது வழிந்த இடமெல்லாம், ஒரு நொடி முன்னர் வழுவழுப்பு என்று நான் சொன்ன அதே சுவரில், மணி மணியாக எழும்பியது. முதலில் ஒரு பிடி. பிறகு அந்தப் பக்கம். பிறகு வளைவுக்கு அப்பாலும். குரக்கன் மாவைப் புட்டுக்குக் குழைத்ததுபோலச் சுவர் முழுக்க மணிகள். இடையில் ஒரு விரல் வைக்க வெறும் இடம் இல்லை. கண்ணை எடுத்துவிட்டேன்.

“ஸ்கோப்பிலை ஏதும் பழுதோ?” என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

இடப்பக்கம் சரிந்து படுத்திருந்த தம்பிதான் கேட்டார். “என்ன டொக்டர், ரெண்டு பேரும் கதைக்காமல் நிக்கிறியள்?”

“சும்மா இரும் தம்பி. பாக்கிறம்,” என்றேன்.

“நானும் ஒருக்கால் பாக்கலாமோ?”

நிபுணர் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கோப்பின் தலையை மெதுவாகத் திருப்பி அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார். தன் குடலைத் தானே பார்த்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை.

“உது எங்கடை வள்ளத்தின்ரை அடி மாதிரியெல்லோ கிடக்கு. கனநாள் கரையிலை ஏத்தாமல் விட்டால் உப்பிடித்தான் சிப்பி பிடிக்கும்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: “சுரண்டி எடுக்கலாம்தானே?”

“சுரண்டி முடியாது தம்பி. பலகையையே மாத்தவேணும்,” என்றார் நிபுணர்.

அவருக்கு அது உடனே விளங்கியது. ஸ்கோப்பிலிருந்து முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார்.

வெளியே விறாந்தையில் அவருடைய அக்கா சுடுதண்ணிப் போத்தலோடு நின்றார். முப்பத்துமூன்று வயதிருக்கும். வைரமான உடம்பு. தாய் செத்த பிறகு தம்பியை வளர்த்தவர் அவர்தான். அவருக்கு மூன்று பிள்ளைகள். புருசன் விறகு கட்டி விற்கிறவர்.

நிபுணர் அக்காவை இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். “உங்கடை வீட்டிலை ஆருக்கும் இப்பிடி இரத்தம் போன வருத்தம் இருந்ததோ?”

“அப்பாவுக்கு மூலம் டொக்டர். அதிலைதான் செத்தவர்.”

“எத்தினை வயசிலை?”

“நாப்பது வரேல்லை. அப்பாவின்ரை தமக்கைக்கும் வயித்திலை கட்டி வந்து செத்தவ. அவவும் இளம் வயசுதான்.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது இரத்தத்தோடு இறங்கி வரும் நோய். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரக்கூடும். இளம் வயதில் குடல் முழுக்க மொட்டு முளைக்கும். அதில் ஏதாவது ஒன்று என்றைக்கோ ஒருநாள் மாறியே தீரும். பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலைக் கீழே கொண்டுவந்து தைப்பதுதான் வழி. நிபுணர் இதை அவருக்கு விளங்கும்படி சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டார். தம்பிக்குச் சத்திரசிகிச்சை என்றதும் கண் கலங்கினார். ஆனால், “நீங்களும் பாக்கவேணும்,” என்றதும் எழும்பிவிட்டார்.

“எனக்கு ஒண்டுமில்லை டொக்டர். நான் தோட்டக் கிணத்திலை நாள் முழுக்கத் தண்ணி அள்ளுறனான். ஒரு நாள் வயித்துக்குத்து எண்டு படுத்தனானோ எண்டு ஊரிலை கேட்டுப் பாருங்கோ.”

எவ்வளவு சொல்லியும் அவர் மாறவில்லை. தம்பிதான் மாற்றினார். “நீ காட்டாட்டில் நானும் ஒப்பிரேசனுக்கு வரமாட்டன்,” என்று கட்டிலில் இருந்தபடி சொல்லிவிட்டார். அக்கா அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, என்னிடம் வந்து, “பொம்பிளை டொக்டர் எண்டால் காட்டுறன். ஆம்பிளையள் ஒருத்தரும் உள்ளுக்கு வரக்கூடாது,” என்றார்.

அக்காவுக்குக் கொடுத்த நாளன்று காலையிலேயே பொம்மர் வந்துவிட்டது. தொலைவில் எங்கேயோ அதன் குண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியின் கண்ணாடிகள் அதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் காயக்காரர் வரத் தொடங்கினார்கள். நிபுணர் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு ஓடினார். நான் அக்காவிடம், “இண்டைக்கு விட்டிட்டு வேறை நாள் பாப்பம்,” என்றேன்.

“வயித்தைக் கழுவி, பட்டினி கிடந்து வந்தனான். இண்டைக்கு விட்டால் பேந்து வரமாட்டன் டொக்டர்.”

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர் என்று எனக்குத் தெரிந்தது. மிஸியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

தொடக்கத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. தம்பியினுடையதைப் போலவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த மொட்டுகள். இவருக்கும் இருக்கிறது என்று மனம் சோர்ந்தாலும் அதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். இதுவும் தம்பியைப் போலத்தான், நேரம் இருக்கிறது, இருவருக்கும் ஒவ்வொருவராய்ச் செய்யலாம் என்று எண்ணிக்கொண்டே வளைவைத் தாண்டினேன்.

தாண்டியதும் அது இருந்தது.

பார்வையின் பாதியை அடைத்துக்கொண்டு சுவரோடு அமர்ந்திருந்தது. விளிம்பு உயர்ந்து உருண்டிருந்தது. நடுவில் ஒரு குழி. முறிந்த இழையின் கரும்புள்ளியாக இருக்குமோ என்று ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தேன். கரும்புள்ளிகள் கண்ணோடு சேர்ந்து நகர்ந்தன. குழி இருந்த இடத்தில் இருந்தது. “மிஸி, நீலம்,” என்றேன். நீலம் இறங்கியது. சுற்றியிருந்த சின்ன மொட்டுகளில் வரி வரியாகப் பிடித்தது. இதில் மட்டும் ஒரு வரியும் எழவில்லை. மேற்தோல் முழுக்கக் குலைந்துபோய்க் கிடந்தது. நீலம் வழுக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் தேங்கி நின்றது.

வந்தவர் நோயாளியே இல்லை. தம்பிக்குச் சுடுதண்ணி கொண்டுவந்தவர். இரத்தம் போகவில்லை, நோவில்லை, மெலியவில்லை. அதை அறிந்த ஒரே கண் என்னுடையது. கதவுக்கு வெளியே யாரோ தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜெனரேற்றர் ஒருமுறை இருமி, வெளிச்சம் மங்கித் திரும்ப வந்தது. திரும்ப வந்த வெளிச்சத்திலும் அது அப்படியே இருந்தது.

“டொக்டர் அம்மா, எனக்கு இல்லைத்தானே?” என்றார் அவர்.

“பாத்துக்கொண்டிருக்கிறன்,” என்றேன்.

மத்தியானம் தியேட்டர் வாசலில் நிபுணரைப் பிடித்தேன். இரண்டு காயக்காரருக்கிடையில் கை கழுவ வந்திருந்தார். ஏப்ரன் முழுக்க இரத்தம்.

“தமக்கைக்கு மாறியிட்டுது,” என்றேன்.

“பேரைச் சொல்லாதையும்.” கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “தோலைச் சொல்லும்.”

சொன்னேன். விளிம்பு, குழி, வரி எழாதது, நீலம் தேங்கியது. அவர் தண்ணீர்க் குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நுனியாலை தட்டிப் பாத்தனீரோ?”

“ஓம். அசையேல்லை. சுவரோடை இறுகிக் கிடக்கு.”

“பக்கத்துச் சுவர்?”

“தம்பியின்ரை மாதிரித்தான். முழுக்க.”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். “தம்பிக்கு எண்டு எடுத்து வைச்ச நூலும் மயக்க மருந்தும்தான் கிடக்கு. இண்டைக்கு வந்த காயங்களுக்கு மிச்சமெல்லாம் போயிட்டுது. ஒரு பெரிய ஒப்பிரேசனுக்குத்தான் காணும்.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் பாக்கேல்லை. நீர் மட்டும்தான் பாத்தனீர். உம்மடை சொல்லிலை நான் ஒருத்தரை விட்டிட்டு மற்றவரை வெட்டப்போறன். வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

“இன்னொருக்கால் நீர் பாருமன்.”

“அவ என்னை விடமாட்டா எண்டு நீர்தான் சொன்னீர். நீர் கண்டதுதான் கணக்கு.”

நான் கண்ணை மூடினேன். குழியும் நீலமும் அப்படியே நின்றன. “ஓம். தமக்கையைத்தான் முதல் செய்யவேணும்,” என்றேன்.

அவர்களிடம் சொன்னபோது அக்கா முதலில் சிரித்தார். நாங்கள் ஆளை மாற்றிச் சொல்கிறோம் என்று நினைத்தார். “தம்பிக்கெல்லோ இரத்தம் போகுது? எனக்கு நோவுகூட இல்லையே!” என்றார். நிபுணர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். தம்பியின் மொட்டுகள் இன்னும் மொட்டுகளாகவே இருக்கின்றன, அவருக்குச் சில மாதங்கள் பொறுக்கலாம். “உங்களுக்குப் பொறுக்கேலாது,” என்றார். சிரிப்பு அந்த முகத்திலேயே நின்று காய்ந்துபோனது. கை வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. ஏதாவது ஒரு நோவு கிடைக்காதா என்று தேடுவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தது.

“அக்காவைச் செய்யுங்கோ டொக்டர்,” என்றார் தம்பி.

“வாயை மூடு! நீ ஆம்பிளைப்பிள்ளை, இனித்தான் வாழப்போறாய். நான் வாழ்ந்திட்டன்.”

“மூண்டு பிள்ளையள் கிடக்கு. ஆர் பாக்கிறது? நானோ? எனக்குச் சோறு காய்ச்சத் தெரியாது.”

அந்த விறாந்தையில் எல்லோர் முன்னாலும் அக்கா தம்பியின் கன்னத்தில் அறைந்தார். அறைந்த கையாலேயே அவரை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். காயக்காரரோடு வந்த சனம், யாரோ செத்துவிட்டார்கள் என்று எண்ணித் தள்ளி நின்றது.

அக்காவின் சத்திரசிகிச்சைக்குத் தம்பியிடமிருந்து இரத்தம் எடுக்க முடியாது. அவருக்கே இரத்தம் குறைவு. மருதனார்மடச் சந்தையில் அவரோடு மூட்டை சுமந்தவர்கள் சைக்கிளில் வந்து தந்தார்கள். எடுத்த குடலை நிபுணர் தட்டில் வைத்து நீளத்துக்குப் பிளந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினார். முதல்முறையாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஸ்கோப்பின் சின்ன வட்டத்துக்குள் துண்டு துண்டாகக் கண்டதை முழு நீளத்தில் கண்டபோது, மயக்க மருந்து கொடுத்தவர் ‘முருகா’ என்றார். நூற்றுக்கணக்கில் மணிகள். அவற்றின் நடுவே, நான் சொன்ன இடத்தில், குழி விழுந்த அது. குடலின் வெளித்தோலைத் தாண்டி இன்னும் வரவில்லை. ஈரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

“நீர் சொன்ன மாதிரித்தான்,” என்றார் நிபுணர்.

எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. வெளியே போய்க் கவிழ்த்து வைத்த வாளி ஒன்றில் இருந்துவிட்டேன். தவறியிருந்தால் என்ன என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. இதேபோல ஒன்றும் அறியாமல் இந்தக் குடாநாட்டில் எத்தனை பேர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

சில மாதங்களின் பின் கப்பலில் மருந்துப்பெட்டிகள் வந்தபோது தம்பிக்கும் செய்தோம். அவர் தேறி, மூட்டை சுமப்பதை விட்டுச் சந்தையிலேயே கருவாடு விற்கத் தொடங்கினார்.

அக்கா வாட்டில் இருந்தபோது எழும்பி நடக்கத் தொடங்கிய அன்று என்னைக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளையளுக்கும் பாப்பியளோ?” நாங்கள் அதைச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரே கணக்குப் போட்டுவிட்டார். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். “அப்ப மூத்தவளுக்கு இன்னும் ரெண்டு வருசம்,” என்றார். அந்த இரண்டு வருடமும் அவர் எப்படிப் படுத்து எழும்பினாரோ தெரியாது. சோதனைக்கு வரும்போதெல்லாம் மூத்தவளின் உயரத்தைத்தான் சொல்லுவார்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்கோப்பில் அப்போது கரும்புள்ளிகள் மிளகு தூவியதுபோல ஆகிவிட்டன. நான்தான் பார்த்தேன். வழுவழுப்பான சுவர். முன்பு ஒருதரம் நான் வழுவழுப்பு என்று சொல்லி, நீலம் அதைப் பொய்யாக்கியிருந்தது. நீலம் தெளிக்கச் சொன்னேன். மேலிருந்து வழிந்து வந்தது. ஒன்றும் எழும்பவில்லை. வளைவுக்கு அப்பாலும் போனேன். மெல்லிய, ஒழுங்கான, சாதாரணக் குடல். என் கண்ணை நான் நம்பவில்லை. “மிஸி, இன்னொருக்கால்,” என்றேன். இரண்டாம் முறையும் நீலம் சும்மா வழிந்தோடியது. நிபுணரைக் கூப்பிட்டேன். அவரும் கனநேரம் பார்த்துவிட்டு, “இவவுக்கு இல்லை,” என்றார். பிள்ளை, “முடிஞ்சுதோ, பசிக்குது,” என்றாள்.

மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு வயது வருவதற்குள் அந்த வருடத்து இடப்பெயர்வு வந்தது. எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுதும் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் தம்பியைக் கண்டேன். அக்காவும் பிள்ளைகளும் பின்னால் வருவதாகவும், கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போகப்போவதாகவும் சொன்னார். நான் ஒன்றும் கேட்கமுதலே, “தெரியும் டொக்டர். சின்னதுகள் ரெண்டுக்கும் பாக்கவேணும். மறக்கமாட்டம்,” என்றார். சனம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. அக்காவை நான் காணவில்லை.

கனகாலம் கழித்து, நான் கொழும்பில் இருந்தபோது ஒரு தொலைபேசி வந்தது. குரலைக் கேட்டவுடன் அக்கா என்று அறிந்துவிட்டேன். எங்கள் பழைய மிஸி ஒருவரிடம் என் இலக்கத்தை வாங்கினாராம். கடைக்குட்டிக்கு இல்லை, நடுவிலானுக்கு இருந்தது, வவுனியாவில் இருந்தபோது கண்டுபிடித்துக் கண்டியில் எடுத்தார்கள் என்றார்.

“இப்ப அவனுக்குக் கலியாணம் பேசியிருக்கு டொக்டர்.”

எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது நோய் வருத்தத்தை மறைப்பதுதான் வழக்கம். அதுவும் பிள்ளைகளுக்கு இறங்கும் வருத்தம்.

“பொம்பிளை வீட்டிலை முதல் நாளே சொல்லிப்போட்டன். இவனுக்குக் குடல் எடுத்தது, எனக்கும் எடுத்தது, பிறக்கிற பிள்ளைக்கும் வரலாம், பன்னிரண்டு வயசிலை பாக்கவேணும் எண்டு எல்லாம் சொன்னனான்.”

“அவையள் என்ன சொன்னவை?”

“தகப்பன் எழும்பிப் போயிட்டார். பெட்டைதான் வெளியிலை வந்து, பாத்தால் தெரியுற வருத்தம்தானே மாமி, பாப்பம் எண்டவள்.”

நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். “ஹலோ, ஹலோ, லைனிலை நிக்கிறியளோ?” என்று அவர் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.